தாய்வழிப் பிழை

1

என் பெரியம்மாவை ஆரம்பாக்கத்தில் சிலர் 'புள்ளைங்க கண்ணத் தின்னவ' என்று சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவர் காதில் விழும் தூரத்தில் நின்று சொன்னார்கள்.

மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயதில் வலக்கண்ணின் நடுப்பார்வை மங்கியது. மூன்றே மாதத்தில் இடக்கண்ணும் மங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து இளையவனுக்கும் அதே கதை. முழு இருட்டு இல்லை. எதிரில் நிற்பவரின் தோள் தெரியும், காது தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை மட்டும் இருக்கும். பழவேற்காடு ஏரியில் சிறுவயதிலிருந்தே வலை இழுத்த பிள்ளைகள். கை பழகிய வேலை என்பதால் தடவிப் பார்த்தே வலையைப் பிரித்தார்கள். பெண் கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் சோதித்துவிட்டு, "இது தாய்வழியில வர்ற நோய்" என்றார்கள். சொன்னது உண்மை. அதற்கு மேல் யாரும் எதையும் விளக்கவில்லை என்பதும் உண்மை. அந்த வாக்கியம் புறநகர் ரயில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்குவதற்குள் 'தாயால வந்த நோய்' என்று மாறிவிட்டது. பெரியம்மாவின் மாமியார் அதற்கு மேலும் ஒரு படி போய், "எங்க வம்சத்துல இது கிடையாது" என்றார்.

நான் இலக்கணம் நடத்துகிறவள். மூன்றாம் வேற்றுமை உருபான 'ஆல்' கருவியையும் குறிக்கும், கருத்தாவையும் குறிக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். 'வாளால் வெட்டினான்' என்பதில் வாள் கருவி. 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்பதில் அரசன் கருத்தா. என் பெரியம்மா விஷயத்தில் ஊர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. வழியாக இருந்தவளை வினை செய்தவளாக ஆக்கிவிட்டது. அறிவியல் எனக்குத் துறை அல்ல. ஆனாலும் அந்த ஒரு உருபு எங்கே நுழைந்தது என்று தெரிந்துகொள்ள சில ஆண்டுகளாகப் படித்தேன். படித்தபோது ஒரு வரலாறு கிடைத்தது. அதில் ஏராளமான பெண்கள் இருந்தார்கள்.

2

நம் உடலின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்போம். நாம் உண்ணும் சோற்றையும் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து, செல்லுக்கு வேண்டிய ஆற்றலாக மாற்றும் அடுப்பு அது. மூளை, இதயம், தசை, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு போன்ற ஓயாமல் உழைக்கும் இடங்களில் இந்த அடுப்பு அணைந்தால் முதலில் தெரிந்துவிடும்.

செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு என்பதை 1963இல் ஸ்டாக்ஹோமில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டு எழுதியவர்கள் மார்கிட் நாஸ் என்ற பெண்ணும் சில்வன் நாஸும். நான்கு ஆண்டுகள் கழித்து லின் மார்குலிஸ், மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த பாக்டீரியா என்றும், பெரிய செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடித்தனம் நடத்தத் தொடங்கியது என்றும் எழுதினார். பதினைந்து இதழ்கள் வரை திருப்பி அனுப்பிய கட்டுரை அது. இன்று பாடநூலில் இருக்கிறது.

இந்தச் சிறிய டி.என்.ஏ. வட்ட வடிவமானது. 16,569 எழுத்துகளும் 37 மரபணுக்களும் கொண்டது. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. தந்தையின் விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஆனால் கருவுற்ற பிறகு முட்டை அதை அழித்துவிடுகிறது. மகனுக்கும் தாய் தருகிறாள், ஆனால் மகன் தன் பிள்ளைக்குத் தருவதில்லை. ஆகவே அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பின்னோக்கிப் போனால் ஒற்றைக் கயிறுபோல ஒரு வரிசை கிடைக்கிறது. கோயில் கல்வெட்டிலும் பட்டாவிலும் காணக் கிடைக்காத வரிசை. மூன்று தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செல்லுக்குத் தெரியும்.

1987இல் ரெபெக்கா கேனும் மார்க் ஸ்டோன்கிங்கும் ஆலன் வில்சனும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, எல்லா வரிசைகளும் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய்ச் சேர்வதாகச் சொன்னார்கள். அதற்கான மாதிரிகளில் 145 நஞ்சுக்கொடிகள். பிரசவம் முடிந்ததும் குழி தோண்டிப் புதைக்கும் அதே நஞ்சுக்கொடிதான். மீதி இரண்டும் சோதனைச்சாலையில் வளர்த்த செல்கள். அவற்றில் ஒன்று ஹெலா. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாயிலிருந்து அவரைக் கேட்காமலேயே 1951இல் எடுத்து, உலகெங்கும் வளர்த்துவரும் செல் வரிசை. மனிதகுலத்தின் தாயைத் தேடிய ஆய்வுக்குள் அனுமதி கேட்கப்படாத ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள்.

கண்டறிந்த மூத்த தாய்க்கு 'மைட்டோகாண்ட்ரிய ஏவாள்' என்ற பெயர் வந்தது. அவள் காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய தாய்வழிகள் இடையில் மகள் இல்லாமல் அறுந்துபோயின, அவ்வளவுதான். ஆனால் ஏவாள் என்ற பெயரை யோசியுங்கள். முதல் பிழை யார் தலையில் விழுந்ததோ அவள் பெயர் அது.

3

பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு வந்த நோயை 1871இல் தியோடர் லீபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்தார். அதன் காரணம் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது என்று 1988இல் டக்ளஸ் வாலஸின் குழு காட்டியது. ஓர் எழுத்துப் பிழை. 'கண்' என்பது 'கன்' ஆவதுபோல.

அந்தப் பிழை எப்படி விழுகிறது? அடுப்பு எரிந்தால் பொறி பறக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் எரியும்போதும் தறிகெட்ட ஆக்சிஜன் துகள்கள் சிதறுகின்றன. அடுப்பங்கரையிலேயே வைத்த ஏட்டுச்சுவடிபோல, மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அந்தப் பொறிகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. உட்கரு டி.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரத உறை அதற்கு இல்லை. பழுதுபார்க்கும் வழிகளும் குறைவு. வெளியிலிருந்து கதிர்வீச்சு, புகை, நச்சு வரும்போது பொறிகள் கூடுகின்றன. பொறி டி.என்.ஏ.வைக் கெடுக்கும், கெட்ட டி.என்.ஏ. கோளாறான அடுப்பைக் கட்டும். அந்த அடுப்பிலிருந்து இன்னும் அதிகப் பொறி பறக்கும். உட்கருவின் டி.என்.ஏ. உடைந்தாலும் இதேபோல் ஒரு வட்டம் தொடங்கும். உடைவைச் சரிசெய்யும் நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தால், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தின்று தீர்த்துவிடும். கடைசியில் செல் ஒன்று மூப்படைந்து முடங்கும். அல்லது மைட்டோகாண்ட்ரியாவே ஒரு புரதத்தை வெளியே கசியவிட்டுச் செல்லின் சாவுக்குக் கையெழுத்திடும்.

ஒரு செல்லில் இந்த டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருக்கிறது. சிலவற்றில் பிழை இருக்கலாம், சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம். பிழைப் பிரதிகள் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் நோய் தெரியும். கருமுட்டை உருவாகும்போது பிரதிகளில் ஒரு சிறு பங்கே அதற்குள் போகிறது. கூடையிலிருந்து கைப்பிடி இறால் அள்ளுவதுபோல. ஒரு பிடியில் நல்லது அதிகம் வரும், இன்னொரு பிடியில் நசுங்கியது அதிகம் வரும். ஆகவே இத்தகைய நோய்களில் ஒரே தாயின் ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொன்றுக்கு வராமல் போகலாம். லீபர் நோயில், எல்லாப் பிரதிகளிலும் பிழை இருந்தாலும், அதைச் சுமக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும்தான் பார்வை போகிறது. புகைப்பது அந்த ஆபத்தைக் கூட்டும். பெரியம்மாவின் பிள்ளைகள் இருவரும் பதினைந்து வயதிலிருந்து பீடி குடித்தவர்கள். ஊர் ஒருநாளும் பீடியைக் குற்றம் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவைக் கட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அவற்றில் 13ஐ மட்டுமே அதன் சொந்த டி.என்.ஏ. தருகிறது. மற்றவை அனைத்தும் உட்கருவிலிருந்து, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகின்றன. எனவே மைட்டோகாண்ட்ரிய நோய் என்றாலே தாய்வழி என்பதும் சரியல்ல. "எங்க வம்சத்துல இல்ல" என்று கைகழுவ எந்த வம்சத்துக்கும் வழி கிடையாது.

4

என் சிறுவயதில், மின்சாரம் போன இரவுகளில் ஏரிக்கரையில் பெட்ரோமாக்ஸ் விளக்கை நடுவில் வைத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் தரம் பிரிப்பார்கள். விளக்குக்குள் வெள்ளையாக ஒரு சிறு துணிப்பை எரியும். மேண்டில். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் உடைத்துவிட்டுக் கவுண்டமணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அதே மேண்டில். தொட்டால் சாம்பலாக உதிர்ந்துவிடும் என்பதால் பெரியம்மா எங்களை அண்ட விடமாட்டார்.

அந்த ஒளியின் மூலம் தோரியம். துணிப்பையைத் தோரிய உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் மிஞ்சும் ஆக்சைடு கண்கூசும்படி ஒளிரும். 1890களில் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் கண்டுபிடித்த இந்த வித்தையால் ஐரோப்பிய நகரத் தெருக்கள் வெளிச்சமாயின. தோரியத்துக்குக் கிராக்கி வந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பின்தொடர்ந்து, அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அது. தோரியம் நிறைந்த மணல். கயிறு யார் திரித்தது என்று எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தக் கரையில் கயிறு திரித்த கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை.

அணுகுண்டுக்குப் பிறகு தோரியம் விளக்குப் பொருளாக இல்லாமல் அரசுப் பொருளாக மாறியது. 1950இல் இந்திய அருமணல் ஆலை நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறையிலும் இன்றும் மணல் அள்ளுகிறார்கள்.

எங்கள் பழவேற்காட்டு மணலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரியம்மாவின் வரிசையில் அந்த எழுத்து எந்தத் தலைமுறையில் மாறியது என்றும் யாரும் அறிய முடியாது. எங்களுக்கு அந்த மணலிலிருந்து வந்தது வெளிச்சம் மட்டும்தான். ஆனால் வெளியுலகம் தாய்வழியில் எப்படி எழுதுகிறது என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடியபோது, அந்த விளக்கின் ஊர்தான் எனக்குக் கிடைத்தது.

5

சவறை, நீண்டகரையைச் சுற்றியுள்ள கரையில் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். மணலில் உள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். இப்படிப்பட்ட இடங்களில் மனித மரபணுவை ஆராய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1959இலேயே சொன்னது. முதலில் எலிகளைப் பிடித்துப் பார்த்தார்கள், வேறுபாடு தெரியவில்லை. 1976இல் கொச்சுப்பிள்ளை, வர்மா, கிரேவால், ராமலிங்கசுவாமி ஆகியோர் இந்தக் கரையில் டவுன் நோய்க்குறி அதிகம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒப்பீட்டு முறை பற்றியும் தாய்மாரின் வயது பற்றியும் உடனே கேள்விகள் எழுந்தன. பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 36,000க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பார்த்துப் பிறவிக் குறைகளில் கதிர்வீச்சைச் சார்ந்த அதிகரிப்பு இல்லை என்றார்கள். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் அறிவித்தது.

இவற்றுக்கு நடுவில், 2002இல், லூசி ஃபார்ஸ்டர், பீட்டர் ஃபார்ஸ்டர் முதலியோரின் ஆய்வு வந்தது. கதிர்வீச்சு மிகுந்த அந்தக் கரையிலும் பக்கத்தில் கதிர்வீச்சு குறைந்த தீவுகளிலும் 248 குடும்ப வழிகளை, 988 பேரை எடுத்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒப்பிட்டார்கள். கரையில் வாழ்ந்த குடும்பங்களில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எழுத்துகள் மாறுவது தெளிவாக அதிகமாக இருந்தது. வியப்பு என்னவென்றால், மாற்றங்கள் கண்ட இடத்தில் விழவில்லை. மனித இனத்தில் குறைந்தது 60,000 ஆண்டுகளாக எந்த இடங்களில் அடிக்கடி எழுத்து மாறி வந்ததோ அந்த இடங்களிலேயே வேகமாக மாறின. காலம் மெதுவாகச் செய்ததை மணல் விரைவாகச் செய்தது.

மாற்றம் என்பது நோய் அல்ல. அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் நோயாளிகள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. புற்றுநோய் கூடவில்லை என்ற முடிவும் எழுத்து மாறுகிறது என்ற முடிவும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். அச்சத்தைப் பெருக்கிக் காட்டினால் நாளைக்கு அந்தக் கரைப் பெண்களுக்குத்தான் மாப்பிள்ளை கிடைக்காது.

அந்த ஆய்வில் ஒரு விவரம் என்னை நிறுத்திவிட்டது. எழுத்து மாறியிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், அவள்தான் பெற்ற தாய் என்பதை உட்கரு டி.என்.ஏ.வைக் கொண்டு தனியே உறுதி செய்தார்கள். அறிவியல் முறைப்படி அது சரி. வளர்ப்புப் பிள்ளையாக இருந்தால் கணக்கு தவறும். ஆனாலும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தந்தை யார் என்று கேட்டுப் பெண்ணைக் கூண்டில் ஏற்றிய உலகத்தில், முதன்முறையாகத் தாய் யார் என்றும் சான்று கேட்கும் அளவுக்கு அவள் பதிவு முக்கியமாகியிருக்கிறது. அப்போது அவள் குற்றவாளி அல்ல, சாட்சி. மணல் எழுதியதை அவள் உடல் வைத்திருந்து காட்டியது.

அந்தச் சாட்சியின் நீளத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. என் அம்மாவைச் சுமந்தபோதே என் பாட்டி எனக்கான முட்டையையும் சுமந்தாள். பாட்டி நின்ற மணல், சுவாசித்த புகை, குடித்த தண்ணீர் எல்லாம் எனக்கு முன்னுரை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி 'இவள் என்ன கொடுத்தாள்' என்பதல்ல. 'இவளை எங்கே நிற்கவைத்தார்கள்' என்பதே. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் கடலோர மக்கள் குரல் எழுப்பும்போது, அதில் பெண்களின் குரலைச் சோற்றுக் கவலையாக மட்டும் கேட்கக் கூடாது. மணல் எடுப்பது கதிர்வீச்சைக் குறைக்கும் என்று ஒரு தரப்பும், தோண்டிப் பரப்பினால் கூடும் என்று இன்னொரு தரப்பும் வாதிடலாம். எந்தத் தரப்பு ஜெயித்தாலும் முடிவு பதிவாகும் ஏடு அந்தப் பெண்களின் உடல். ஏட்டைக் கேட்காமல் எழுதக் கூடாது.

6

பெரியம்மாவுக்கு ஒரு மகளும் உண்டு. எனக்குத் தங்கை. அவளுக்குப் பார்வையில் குறை இல்லை. தாய்வழியில் வந்த எழுத்து அவளிடமும் இருக்கிறது. அவள் பிள்ளைகளுக்கும் போகும். அவர்களுக்குப் பார்வை போகுமா போகாதா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. போன ஆண்டு அவளுக்கு வரன் வந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இத நான் சொல்லணுமா? அண்ணனுங்க விஷயம் தெரிஞ்சா போயிடுவாங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறை என்றால், நாளை ஒரு பிள்ளைக்குக் கண் மங்கும்போது அவளும் இன்னொரு பெரியம்மா ஆவாள். சொல் என்றால், இன்றைக்கே அந்த வீடு எழுந்து போய்விடும். மாப்பிள்ளை வீட்டு இரத்தத்தில் என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் நம்மிடம் சொல்லப்போவதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

கடைசியில், "சொல்லு. ஆனா நான் எழுதித் தர்றத வெச்சுச் சொல்லு. அவங்க சொல்ற மாதிரி சொல்லாத" என்றேன். ஒரு பக்கத்தில் எழுதினேன். இது என்ன, எப்படி வருகிறது, எத்தனை பேருக்கு வரும், எத்தனை பேருக்கு வராது, பீடியும் சிகரெட்டும் ஏன் கூடாது, பிள்ளை பெறும் முன் மரபணு ஆலோசனை எங்கே கேட்கலாம். எழுதியதை வாங்கிப் பார்த்தவள், 'எங்கள் தாய்வழியில் ஒரு குறை உண்டு' என்று நான் தொடங்கியிருந்த வரியில் 'குறை'யை அடித்துவிட்டு 'எழுத்து மாற்றம்' என்று எழுதினாள்.

இத்தனை ஆண்டு படித்தும் என் கையிலிருந்தே அந்தச் சொல் விழுந்திருக்கிறது.

அந்த வரன் அமையவில்லை. தாளை மடித்து அவள் பையில் வைத்திருக்கிறாள். அடுத்து வருபவர்களிடமும் காட்டுவேன் என்கிறாள். இளையவன் பீடியை விட்டுவிட்டான். பெரியம்மாவிடம் ஒருநாள் அந்தக் கயிற்றைப் பற்றி, அவர் அம்மா, அவர் பாட்டி, அதற்கும் முந்தையவர்கள் பற்றி விரலை மடக்கி எண்ணிச் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அப்ப அவங்க யாரும் இத வேணும்னு செய்யலையே?"

"இல்ல பெரியம்மா. யாரும் செய்யல."

மறுபடி உரிக்கத் தொடங்கினார்.